வேர்க்கடலையில் புல் மருந்து கேட்காமல் போனது ஏன்: சோப்புத்தூள், போர் தண்ணீர், எண்ணெய் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கழனி, மார்கழிப் பட்டத்து இறவை வேர்க்கடலை. நிலத்துக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதால் தண்ணீர் பாய்ச்சுவதில் இருந்து கூலி கொடுப்பது வரை எல்லாமே அவர்தான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், யார் பெயரும் வராது. இதே மாதிரி கலக்கி அடித்துவிட்டு மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை முழுசாகப் பதிவு செய்வது நல்லது என்று தோன்றியது.

விதைத்த மூன்று நாளுக்குள் அடிக்க வேண்டிய பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியை அந்த முறை அடிக்க முடியவில்லை. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தபோது நாள் தாண்டிவிட்டது. அதனால் கடலையோடு சேர்ந்தே புல்லும் கிளம்பியது. குதிரைவாலிப் புல்லும் காக்காக்கால் புல்லும்தான் அதிகம், வரப்போரம் அருகு, பள்ளமான இடங்களில் கோரை. பத்தொன்பதாம் நாள் குயிசாலோபாப் எத்தில் 5 இசி (தண்ணீரில் கலந்து அடிக்கிற எண்ணெய்த் திரவ வடிவம்) என்ற புல் மருந்தை வாங்கி, ஏக்கருக்கு 400 மில்லி கணக்கில் அடித்தார்கள்.

மருந்தும் சரி, அளவும் சரி. குயிசாலோபாப் புல் இனத்தை மட்டும் கொல்லும், கடலை போன்ற அகல இலைச் செடியை ஒன்றும் செய்யாது. புல்லுக்குள் கொழுப்பு தயாராக உதவுகிற ஒரு நொதியை அது முடக்குகிறது, அகல இலைச் செடிகளின் நொதி அதற்கு மசிவதில்லை. இலை வழியாக உள்ளே போய் குருத்துக்கு இறங்க வேண்டும். புல் வளர்ச்சி இரண்டொரு நாளில் நின்றுவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். அப்போது நடுக் குருத்தைப் பிடித்து இழுத்தால் அடியில் பழுப்பாக அழுகி, தனியாகக் கையோடு வந்துவிடும். மருந்து கேட்டதா இல்லையா என்பதற்கு இதுதான் அடையாளம், இலை நுனி கருகுவது இல்லை.

கழனியில் பார்த்தது

மருந்தடித்து பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். "இன்னா தம்பி இது, மூணாம் நாளே கருகிச்சு, இப்ப பாத்தா மறுபடியும் பச்சையா நிக்குது" என்றார். அவர் சொன்னது சரிதான். பழைய இலைகளின் நுனி காய்ந்திருந்தது, இலை மேல் வெள்ளையாக ஒரு படிவு, ஆனால் குருத்தை இழுத்தால் வரவில்லை, உள்ளே வெள்ளையும் பச்சையுமாக நன்றாக உயிரோடு இருந்தது. குதிரைவாலிப் புல் தூர் கட்டவும் ஆரம்பித்துவிட்டது.

ஆனால் கிழக்கு வரப்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே புல் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்தது, குருத்து தொட்டதுமே வந்தது. ஒரே கழனி, ஒரே புட்டி மருந்து, ஒரே நாள், ஒரே ஆள்.

மருந்தடித்த அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். நிதானமானவர், வருஷக் கணக்காக இதே வேலை செய்கிறவர், எதையும் மறைக்காமல் சொன்னார். காலையில் போர் மோட்டார் ஓட த்ரீ பேஸ் கரண்ட் இல்லை. அதனால் முதல் இரண்டு டேங்குக்குப் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்து, மருந்தை மட்டும் கலந்து கிழக்கு வரப்பில் இருந்து அடித்திருக்கிறார். அப்புறம் கரண்ட் வந்ததும் போர் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, அதே விகிதத்தில் மருந்தை மொத்தமாக ஊற்றி, கூடவே துணி துவைக்கிற சோப்புத்தூளும் ஷாம்பு பாக்கெட்டுகளும் கொஞ்சம் கல் உப்பும் போட்டுக் கலக்கி, மத்தியானம் வரை அதில் இருந்து மொண்டு மொண்டு அடித்திருக்கிறார். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காகக் கலக்கிற ஒட்டுத் திரவம் கடையில் தீர்ந்துபோயிருந்ததாம். "வரப்புக்கு அடிக்கிற கிளைபோசேட்ல உப்பு போட்டா நல்லா கேக்கும் தம்பி, அதான் இதுக்கும் போட்டேன்" என்றார்.

சந்தேகங்களைக் கழித்தது

போலி மருந்து என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. கிழக்குப் பட்டையைக் கொன்றதும் அதே புட்டிதான். புல் மருந்துக்குப் பழகிவிட்டது என்பதும் அதே காரணத்தால் நிற்காது. கோரை சாகாமல் இருந்ததைக் கணக்கில் எடுக்கவே கூடாது, ஏனென்றால் அது புல் மாதிரித் தெரிந்தாலும் புல் இனம் இல்லை, குயிசாலோபாப் அதைத் தொடாது. ஈரமும் கழனி முழுக்க ஒன்றுதான், முந்தைய நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது நான்கு வித்தியாசங்கள்: தண்ணீர், அதில் போட்ட சாமான்கள், கலந்து வைத்திருந்த நேரம், வெயில். நான்கும் ஒன்றாகச் சேர்ந்து மாறியிருந்ததால் கிழக்குப் பட்டையைக் காட்டி எது காரணம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. போர் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் உடனே முடிவு கட்டினார்கள், அதற்கு நியாயமும் உண்டு, இந்தப் பக்கம் ஆழ்துளைத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது பானையின் அடியில் படிகிற உப்பைப் பார்த்தாலே தெரியும். சோதனைக்குக் கொடுத்தபோது கடினத்தன்மை, குடிநீருக்கு இந்தியத் தர அளவு வேறு வழியில்லாதபோது அனுமதிக்கிற லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அதைவிட நல்ல தண்ணீர்.

அடுத்து பாட்டில் சோதனை. இதற்குச் செலவே கிடையாது, எல்லோரும் செய்யலாம். தெளிவான தண்ணீர் பாட்டில்களில் ஒவ்வொரு வகைத் தண்ணீரையும் ஊற்றி, டேங்கில் போடுகிற அதே விகிதத்தில் சாமான்களைச் சேர்த்து, குலுக்கி, அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரும் மருந்தும் மட்டும் போட்டது பால் மாதிரி வெள்ளையாக அப்படியே நின்றது. இசி மருந்து அப்படித்தான் நிற்க வேண்டும், அது தண்ணீரில் கரைவதில்லை, பொடிப்பொடித் துளியாகப் பிரிந்து மிதக்கிறது. போர் தண்ணீரும் மருந்தும் மட்டும் போட்டதும் ஓரளவு நின்றது, மேலே லேசாக ஒரு ஏடு. மருந்துகளின் தரத்தைப் பரிசோதிக்கும்போதே 342 பிபிஎம் (லிட்டருக்கு 342 மில்லிகிராம்) கடினத்தன்மை உள்ள தண்ணீரில் கலந்து பார்ப்பதால், கொஞ்சம் உப்புத் தண்ணீரை அவை தாங்கும். போர் தண்ணீரில் சோப்புத்தூளும் சேர்ந்த பாட்டில்தான் திரிந்துபோயிருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், நடுவில் திப்பி திப்பியாக, அடியில் மாவு போல வெள்ளை வண்டல். பிஎச் தாளை நனைத்தால் 9-ஐத் தாண்டியது, 7-க்கு மேல் என்றாலே காரம்.

துணி சோப்புத்தூளில் சலவைச் சோடா இருக்கும். அது கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும், இலை மேல் பார்த்த வெள்ளைப் படிவுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது காரத்தன்மை. குயிசாலோபாப் எத்தில் ஒரு எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த கூட்டுப்பொருள். அந்த வடிவத்தில்தான் அது இலையின் மெழுகைத் தாண்டி உள்ளே நுழைய முடியும், உள்ளே போன பிறகு செடியே அதை உடைத்து, வேலை செய்கிற அமிலமாக மாற்றிக்கொள்ளும். தண்ணீரில் காரம் ஏறினால் அந்த உடைசல் டிரம்மிலேயே ஆரம்பித்துவிடும். காலையில் கலந்து மத்தியானம் வரை அடித்தால் கடைசி டேங்குகளில் இலைக்குள் போகக்கூடிய மருந்து குறைந்துகொண்டே வரும்.

எடுத்த முடிவுகள்

அளவைக் கூட்டி இன்னொரு முறை அடிக்கும்படி கடையில் சொல்லியிருந்தார்கள். யாரோ மண்ணெண்ணெய் கலக்கவும் யோசனை சொல்லியிருந்தார்கள். இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி லேபிளில் இருக்கும், வேர்க்கடலையில் இந்த மருந்துக்கு அது ஏறக்குறைய மூன்று மாதம். கடலை அப்போதே ஒரு மாதப் பயிர், நூற்றைந்து நூற்றுப்பத்து நாளில் பிடுங்கிவிடுவார்கள், கணக்கு எப்படியும் வராது. சாப்பிடுகிற பொருள் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தவிர புல் தூர் கட்டிவிட்டது, இரண்டு மூன்று இலையில் சாகிற புல் அந்த வயதில் அரைகுறையாகத் தப்பும். அப்படித் தப்புகிறதில் இருந்துதான் மருந்துக்கு மசியாத புல் உருவாகிறது.

அதனால் கையால் களை எடுப்பது ஒன்றுதான் வழி. அதிலும் அவசரம் இருந்தது. நாற்பது நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும், விழுது (பூவில் இருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற காம்பு) இறங்க ஆரம்பித்த பிறகு கொத்து வைத்து மண்ணைக் கிளறக் கூடாது. "மருந்துக் காசும் போச்சு, இப்ப கூலியும் நானே குடுக்கணுமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டபோது சொல்வதற்குப் பதில் இல்லை. பாதி ஆள் கூலியில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, புல் அடர்த்தியாக இருந்த நடுக்கழனியை முதலில் எடுத்தோம், கிழக்குப் பட்டைக்கு ஆளே தேவைப்படவில்லை. ஜிப்சத்துக்கு முன்னால் முக்கால்வாசி முடிந்தது, மீதியில் புல்லின் தலையை மட்டும் அரிவாளால் அறுத்து விதை கொட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த பட்டத்தில் இதே கதைதான். அதே கழனியை ஒட்டி அவருக்கே சொந்தமான கரம்பில் (பயிர் இல்லாத தரிசில்) அதே இரண்டு புல்லும் இருந்தன. பழைய புல்லைச் செதுக்கிவிட்டு ஒரு தண்ணீர் விட்டு, புதிதாக முளைத்தது மூன்று நான்கு இலை வந்ததும் சோதனை செய்வது என்று முடிவானது. ஆடு மேய்க்கிறவர்களிடம் அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்தோம்.

கரம்பில் போட்ட பட்டைகள்

அதே அண்ணன்தான் அடித்தார், மருந்து அளவு எல்லாப் பட்டைக்கும் ஒன்று, எல்லாமே காலை வெயில் ஏறுவதற்குள், எல்லாமே அப்போதைக்கப்போது கலந்தது. கிணற்றுத் தண்ணீரில் மருந்து மட்டும், போர் தண்ணீரில் மருந்து மட்டும், இரண்டு தண்ணீரிலும் சோப்புத்தூளோடு, இரண்டிலும் எண்ணெய் வகைத் துணைத்திரவத்தோடு (களைக்கொல்லியோடு கலப்பதற்கென்றே விற்கிற எண்ணெய்), அப்புறம் போர் தண்ணீரில் ஷாம்புவோடு ஒன்று, ஒன்றும் அடிக்காமல் விட்டது ஒன்று. உப்பு போட்டதைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி அந்த அண்ணனே கேட்டார், அதையும் சேர்த்தோம்.

மூன்றாம் நாள் பார்த்தவர்கள் எல்லோரும் உப்புப் பட்டையும் சோப்புப் பட்டையும்தான் ஜெயித்தது என்றார்கள், நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. எண்ணெய்ப் பட்டையில் புல் சும்மா வாட்டம் இல்லாமல் நின்றது. பத்தாம் நாள் நிலைமை தலைகீழ். எண்ணெய் சேர்த்த இரண்டு பட்டையிலும் குருத்து கையோடு வந்தது, கொஞ்சம் பெரிதாக வளர்ந்துவிட்ட புல்லிலும்கூட. கிணற்றுத் தண்ணீரில் மருந்து மட்டும் அடித்ததில் சின்னப் புல் எல்லாம் செத்தது, பெரிய புல் சிலது தப்பியது. போர் தண்ணீரில் மருந்து மட்டும் அடித்தது அதற்கு ஏறக்குறைய சமமாக, இரண்டு மூன்று நாள் பின்தங்கி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு சுமார். போர் தண்ணீரில் சோப்பு சேர்ந்த பட்டையில், கழனியில் பார்த்த அதே காட்சி: மேலே கருகல், உள்ளே உயிர். உப்புப் பட்டையிலும் புதுக் குருத்து வந்துகொண்டிருந்தது. ஷாம்பு போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஆக, ஊர் சொன்னது போல் தண்ணீர் மட்டும் குற்றவாளி இல்லை. போர் தண்ணீரும் சோப்புத்தூளும் சேர்ந்ததுதான் கெடுத்தது, டிரம்மில் ஊறவைத்ததும் வெயிலும் அதை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

ஏன் இப்படி

சீக்கிரம் கருகினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்ற நம்பிக்கைதான் இதில் ஆபத்தானது. குருத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்தைச் சுமந்து போவது உயிரோடு இருக்கிற இலைதான். உப்பாலோ காரத்தாலோ இலையை முதல் நாளே பொசுக்கிவிட்டால், மருந்து பயணம் போகிற வழியையே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

கிளைபோசேட் விஷயத்தில் அந்த அண்ணன் பார்த்த அனுபவத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. கிளைபோசேட் கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு வலுவிழக்கும், அதற்கு முன்கூட்டி அம்மோனியம் சல்பேட் போட்டால் அந்த ஒட்டலைத் தடுக்கும், இது நன்கு நிரூபணமானது. அம்மோனியம் சல்பேட் கை மாறிக் கை மாறி கல் உப்பாகிவிட்டது, கிளைபோசேட்டுக்கு உரியது எல்லாக் களைக்கொல்லிக்கும் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டு உப்புக்கு அந்த வேலை தெரியாது. (கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.) இமாசெத்தாபிர் மாதிரி தண்ணீரில் கரைகிற மருந்துக்கு ஒட்டுத் திரவமும் அம்மோனியம் சல்பேட்டும் பொருத்தம். குயிசாலோபாப், புரோபாகுயிசாபாப், பெனாக்சாபுராப் போன்ற புல் மருந்துகள் எண்ணெய்ச் சுபாவம் உள்ளவை, அவற்றுக்கு எண்ணெய் வகைதான் ஜோடி. எண்ணெய் இலை மெழுகை இளக்கி, துளி சட்டென்று காய்ந்துபோகாமல் வைத்து, மருந்து உள்ளே இறங்க அவகாசம் தருகிறது.

ஷாம்பு ஏன் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது வெறும் அளவுக் கணக்கு. ஒரு சின்னப் பாக்கெட்டில் ஐந்தாறு மில்லிதான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி தண்ணீர். அயனி இல்லாத (நான்-அயானிக்) ஒட்டுத் திரவத்தைப் பொதுவாக 0.25 சதவீதம், அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி கலக்கச் சொல்கிறார்கள், எண்ணெய் வகையை 1 சதவீதம், அதாவது 160 மில்லி. புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். சிலிக்கான் வகை ஒட்டுத் திரவம் தண்ணீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனில் இருந்து 20-22 அளவுக்கே இறக்கிவிடும், துளி இலை முழுக்கப் பரவும். ஆனால் அளவு மிஞ்சினால் பரவிய மருந்து இலையில் நிற்காமல் வழிந்து மண்ணுக்குப் போகும், மெல்லிசாகப் பரவியது சீக்கிரம் காய்ந்தும் போகும், குறுகலாக நிமிர்ந்து நிற்கிற புல் இலையில் இது இன்னும் அதிகம்.

அடுத்த பட்டம்

அந்த வருஷம் கடலை வழக்கத்தைவிடக் குறைவு. களை போட்டி போட்ட நாட்களைத் திரும்ப வாங்க முடியாது. நடுவில் கேழ்வரகு போட்டு எடுத்துவிட்டு, அடுத்த மார்கழியில் அதே கழனியில் மறுபடி கடலை. இந்த முறை விதைத்த மூன்றாம் நாளே ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் ஈர மண்ணில் அடித்தாகிவிட்டது, அதனால் புல் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. தப்பி வந்ததற்கு மட்டும், இரண்டு மூன்று இலையில், குயிசாலோபாப் அதே 400 மில்லி. டிரம் கிடையாது, ஒவ்வொரு டேங்காகக் கலந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, மீதிக்குப் போர் தண்ணீரையே பயன்படுத்தினார்கள், எண்ணெய் சேர்த்திருந்ததால் அதில் குறை தெரியவில்லை. பூச்சி மருந்துக்குப் போடுகிற கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு விசிறி நாசில் போட்டதும் ஒரு நல்ல மாற்றம், துளி சீராக விழுந்தது.

எட்டாம் நாள் அந்த அம்மாவே கழனிக்குள் போய் குருத்து குருத்தாக இழுத்துப் பார்த்திருக்கிறார். களை எடுக்க ஆள் விட்டது ஒரே ஒரு முறை, அதுவும் கோரைக்கும் அகல இலைக் களைக்கும்.

எண்ணெய்க்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு அடித்த கடைசி டேங்குகளின் பட்டையில் கடலை இலையில் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டு வந்தது. புது இலை சுத்தமாக வந்து பத்து நாளில் அது மறைந்தது, ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு மேல் அடிக்காமல் மறுநாளைக்கு ஒத்திவைத்திருக்கலாம். பக்கத்துக் கழனிக்காரரின் கேழ்வரகில் ஓரத்து இரண்டு வரிசை மஞ்சளடித்தது. கேழ்வரகு, நெல், சோளம், கரும்பு எல்லாம் புல் இனம், கடலையில் புல்லைக் கொல்கிற மருந்து இவற்றையும் கொல்லும். காற்று அந்தப் பக்கம் வீசும்போது அடிக்காமல் இருப்பதும், டேங்கை அந்த மருந்துக்கென்று தனியாக வைப்பதும், முடியாவிட்டால் இரண்டு மூன்று முறை கழுவுவதும் கட்டாயம். அந்த இரண்டு வரிசைக்கு அந்த அம்மா நஷ்டம் கொடுத்தார், பேசி முடிந்தது.

மாற்ற வேண்டியது

கழனியில் குருத்து கையோடு வராததை முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் கைக்களைக்கு இன்னும் அவகாசம் இருந்திருக்கும். மருந்தடித்து ஏழெட்டு நாளில் ஐந்தாறு இடத்தில் குருத்தை இழுத்துப் பார்ப்பது இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது. புதுத் தண்ணீர், புது ஒட்டுத் திரவம் எது வந்தாலும் முதலில் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிறார் மருந்தடிக்கிற அண்ணன், மற்றவர் கழனிக்குப் போகும்போதும். கடையில் கேட்கும்போது வெறுமனே ஒட்டுத் திரவம் என்று கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லி, அதன் லேபிளில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும். குழப்பம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

இரண்டு விஷயம் இன்னும் தீரவில்லை. வரப்போரத்து அருகு பத்து நாள் வாடிவிட்டு மறுபடி கணுவில் இருந்து கிளம்பியது, அதற்கு எந்த எண்ணெயும் போதவில்லை, கோடை உழவில் கொடியைப் புரட்டிப்போட்டு வெயிலில் காயவிடுவதாக இருக்கிறார்கள். பள்ளத்துக் கோரை பழைய இடத்திலேயே இருக்கிறது. அதற்கு அடுத்த பட்டத்தில் இமாசெத்தாபிரை ஒரு ஓரத்தில் மட்டும் அடித்துப் பார்க்கலாம் என்று பேச்சு, அந்த மருந்துக்கான ஒட்டுத் திரவத்தோடும் அம்மோனியம் சல்பேட்டோடும், கிணற்றுத் தண்ணீரில்.